ஐந்து கோப்பும் ஒரு வீடும்

அடையாள அட்டையில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். எல்லாருக்கும் அவள் டைமக்கா. பஸ் டிப்போவின் டைம் ஆபீசில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்ததில் வந்த பெயர் அது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் யாரை மாற்றிவிடுவது எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தன. அவள் காலத்தில் ஒரே மேடைக்கு இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்து மூக்கோடு மூக்கு உரசி நின்றது இரண்டே தடவைதான். அதில் ஒன்று தன் தப்பு என்று அவளே ஒத்துக்கொள்வாள். இன்னொன்று யார் தப்பு என்று கேட்டால் அந்த டிரைவரை ஏழு தலைமுறைக்கும் இழுத்துத் திட்டுவாள்.

பிறகு டிப்போவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைம் ஆபீசை மூடிவிட்டு, அவளைத் தபால் பிரிக்கும் பிரிவில் போடுகிறோம் என்றார்கள். சும்மா உட்கார்ந்து கை மரத்துப்போகவா பிறந்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தையல்காரரான கணவர் தடுக்கவில்லை. ‘நீ வீட்டுல இருந்தா எனக்கும் டைம் போட்டுடுவியே’ என்று மட்டும் கவலைப்பட்டார்.

குழந்தைகள், குடும்பங்கள் நல மையத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக நோட்டீஸ் பார்த்தது அந்த மாதத்தில்தான். ஒரு குழந்தைக்குப் பள்ளியில் ஒரு பிரச்சினை, ஆஸ்பத்திரியில் ஒரு பிரச்சினை, வீட்டில் ஒரு பிரச்சினை என்றால், அந்த மூன்று இடத்து ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்து, குடும்பத்தைச் சுற்றி நிற்க வைப்பதுதான் வேலை. நேர்காணலுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் நான்கு கதவுகளைத் தட்டியதை டைமக்கா பார்த்தாள். நான்கிலும் அந்தப் பெண் தன் கதையை முதலிலிருந்து சொன்னாள். நான்காவது கதவில் அவள் குரல், மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கும் குரலாகிவிட்டது.

உள்ளே மையத்தின் மேலாளர் அம்மா, “குழந்தைங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார்.

“ரெண்டு பெத்தவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் மேடம். அதுங்க ரெண்டும் நல்லாத்தான் வளந்துச்சுங்க, அதுல என் பங்கு எவ்வளவுன்னு தெரியாது. ஆனா ஏழு வண்டி ஒரே மேடைக்கு வந்தா, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஜனங்களை ஏத்தி அனுப்பத் தெரியும். இங்க அதுக்குத்தான் ஆள் இல்லன்னு வெளிய உக்காந்திருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு.”

மேலாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். மறு வாரமே டைமக்காவுக்கு ஒரு மேசை கிடைத்தது.

முதல் மூன்று மாதம் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு கோப்பு. பள்ளி எழுதுவது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது, ஆஸ்பத்திரி சொல்வது பள்ளிக்குப் போகாது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை, அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். குடும்பத்துக்கு நேர்வது என்ன என்பது மட்டும் யார் வேலையிலும் இல்லை.

நான்காவது மாதம் அவளிடம் வந்தது ஒரு குடும்பம். அப்பா கொத்தனார். இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரண்டாம் ஷிப்ட் பார்த்தாள். பத்து வயதுப் பெண்ணுக்கு வலிப்பு. ஏழு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்று வயதுத் தம்பிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆக, பள்ளி ஆலோசகர், வலிப்புக் கிளினிக் நர்ஸ், அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்பவர், சின்னவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், இவர்களுக்கெல்லாம் மேலே குழந்தைகள் நல அதிகாரி என்று ஐந்து பேர், ஐந்து கோப்புகள். ஐந்திலும் சிவப்பு மையில் ஒரே வரி: ஒத்துழைக்காத குடும்பம்.

டைமக்கா ஐந்து கோப்புகளின் மேல்தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பெண்ணுக்கு ஒன்றில் எட்டு வயது, ஒன்றில் பதினொன்று. ஒரு கோப்பில் அப்பாவைச் சாகடித்தே விட்டிருந்தார்கள். உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டுமானால் குடும்பத்தின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அவள் புறப்பட்டாள்.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை. கதவைத் திறந்த அம்மாவின் கையில் சலவைப் பொடியின் காரநெடி. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“நீங்க எத்தனாவது ஆள்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

“எண்ணிட்டுத்தாம்மா வந்தேன். பதினொண்ணு. ஆள் மாறினவங்களையும் சேத்து, எனக்கு முன்னாடி பத்து பேர் வந்திருக்காங்க. அவங்க கேட்டதை நான் கேக்கமாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“நீங்க எப்பத் தூங்குறீங்கன்னு கேக்க.”

அம்மா சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தியா என்று சொல்ல முடியாது. ஆனால் கதவை முழுதாகத் திறந்தாள்.

ஷிப்ட் முடிந்து வீடு வந்து படுக்கும்போது மறுநாள் பிறந்துவிடும் என்றும், காலை ஆறுக்கு சின்னவன் எழுந்துவிடுவான் என்றும் அவள் சொன்னாள். ஐந்து அலுவலகமும் நேரம் கொடுப்பது காலை பத்துக்கு. போன மாதம் ஒரே செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குப் போனாள். மற்ற இரண்டு கோப்புகளிலும் ‘வரவில்லை’ என்று விழுந்தது. நர்ஸ் வீட்டுக்கு வந்த அன்று பெண் பள்ளி ஆலோசகரிடம் போயிருந்தாள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். டைமக்கா நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சம்மதத் தாளில் அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா படுக்கையிலிருந்தபடி போட்டார், வேறெதுவும் பேசவில்லை. பெண் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பத்து நாள் டைமக்கா தன் பழைய உயரத்துக்கு வந்தாள். ஐந்து பேரிடமும் போய் நின்று, கெஞ்சாமல் கொஞ்சாமல், எந்த நாள், எந்த மணி, எவ்வளவு நேரம் என்று வாங்கினாள். நேரம் இல்லை என்றவரிடம், உங்கள் நாள்காட்டியைக் காட்டுங்கள் என்று கேட்டு, அதிலிருந்தே அரை மணி எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் ஒரு அட்டவணை வந்தது. வாரத்துக்குப் பதினான்கு சந்திப்பு. ஒன்று இன்னொன்றின் மேல் விழவில்லை. அம்மாவின் ஷிப்டைத் தொடவில்லை. நர்ஸ் இறங்கும்போது பிசியோதெரபிக்காரர் படியேறுவார். மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு எல்லா மேசைக்கும் ஒரு நகல் கொடுக்கச் சொன்னார். டைமக்கா அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கடிகாரம் போல ஓடியது. மூன்றாவது வாரம் புதன்கிழமை நர்ஸிடமிருந்து போன் வந்தது. உள்ளே ஆள் இருக்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. டைமக்கா போனபோது படிக்கட்டில் நர்ஸ் ஒரு படியில், பேச்சுப் பயிற்சியாளர் அதற்குக் கீழ்ப்படியில் பொம்மைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

“இன்னைக்கு யாரும் வேணாங்க. நாளைக்கும் வேணாம்.”

மறுநாளே நல அதிகாரி ஆபீசில் வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், நூற்றைம்பது கோப்பு பார்க்கிறவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும். இதைவிட அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்ய முடியும், நேரம் கூட அவர்களுக்காக மாற்றியாயிற்று, இனி கோப்பை மூடிவிட வேண்டியதுதான் என்றார். டைமக்காவுக்கும் உள்ளே வெந்துகொண்டுதான் இருந்தது. அப்படி ஒரு அட்டவணையை அவள் டிப்போவில் கூடப் போட்டதில்லை. ஆனாலும், “ஒரு வாரம் குடுங்க சார். நானே போய்ப் பாத்துட்டு வரேன்” என்றாள்.

போனாள். நோட்டுப் புத்தகம் இல்லாமல் போனாள். அம்மா கதவைத் திறந்து, துவைத்த துணிகளை மடித்தபடியே பேசினாள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டரை வரை யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் வந்தாலும் வீட்டைக் கூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. சின்னவன் பேச்சு வராததால் இல்லை, ஆட்களைப் பார்த்து பயந்தே வாயை மூடிக்கொள்கிறான். வீட்டுக்காரருக்குச் சட்டை மாற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள்.

“நீங்க வண்டியெல்லாம் இடிக்காம கரெக்டா விடுறீங்கக்கா. ஆனா அது மொத்தமும் ஓடுறது எங்க மேலதானே. ரோடு நாங்கதான்.”

டிப்போவில் பதினேழு வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு குறை சொன்னதில்லை. சொன்ன ஒவ்வொரு குறைக்கும் அவளிடம் அட்டவணையில் விடை இருந்தது. இதற்கு அட்டவணையில் விடை இல்லை. தப்பு தன்னுடையது என்று புரிந்ததும், அவள் சுற்றி வளைக்கவில்லை.

“நான் போட்டது தப்பும்மா. உங்களைக் கேக்காமலே போட்டுட்டேன். இந்தத் தடவை நீங்க போடுங்க. அவங்க அஞ்சு பேரையும் இங்கயே கூட்டிட்டு வரேன். ஒரே ஒரு தடவை. யார் வேணும், யார் வேணாம், எப்ப வேணும்னு நீங்க நாலு பேரும் சொல்லுங்க.”

“நாலு பேரா?”

“சின்னவன் பேசலன்னா என்ன, அவனும் ஆள்தானே.”

ஐந்து பேரையும் ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் கொண்டுவருவது பதினான்கு சந்திப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. நல அதிகாரிதான் கடைசி வரை முரண்டு பிடித்தார். “அவங்க கேக்குறதை எல்லாம் நாம குடுத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?” என்றார்.

“அவங்க இதுவரை ஒண்ணும் கேக்கல சார். நாமதான் குடுத்துக்கிட்டே இருக்கோம்” என்றாள் டைமக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு எல்லாரும் வந்தார்கள். வீட்டில் இருந்தது மூன்று நாற்காலி. அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு நீண்ட காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். சின்னவன் போய் அந்தக் காலின் மேல் தன் மரக் காரை ஓட்டிப் பார்த்தான். அதிகாரி காலை எடுக்கவில்லை. கூட்டம் அதிலேயே கொஞ்சம் இளகிவிட்டது.

டைமக்கா சொன்ன விதி ஒன்றுதான். ஐந்து கோப்பும் தரையில் திறந்து கிடக்கும். யாரும் குடும்பத்திடம் பழைய கதையைக் கேட்கக் கூடாது. ஒருவர் கோப்பில் இல்லாதது இன்னொருவர் கோப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். நர்ஸ் தன் கோப்பிலிருந்து வாசித்தாள். மருந்து மாற்றிய பின் வலிப்பு குறைந்துவிட்டது, பள்ளிக்குப் போகத் தடை இல்லை. ஆலோசகர் தன்னுடையதை வாசித்தார். மாணவிக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை. கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள் இன்னது. அந்தத் தேதியைக் கேட்டதும் நர்ஸ் தன் தாளைப் புரட்டினாள். கடைசியாகப் பெரிய வலிப்பு வந்த தேதியும் அதேதான். இரண்டு தாளும் எட்டு மாதத்துக்கு மேலாக இரண்டு அலமாரியில் கிடந்தன.

டைமக்கா பெண்ணிடம் திரும்பினாள். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள். பெண் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

“கிளாஸ்லதான் வந்துச்சு. எழுந்து பாத்தா பாவாடை நனைஞ்சிருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. டீச்சர் என்னை அப்படியே வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்குக் கணக்கு பிடிக்கும்” என்றாள்.

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். வலிப்பு வந்தது அவளுக்குத் தெரியும்; வகுப்பில் எல்லார் முன்னாலும் நடந்ததை இத்தனை நாள் பெண் அவளிடமும் சொல்லவில்லை; களைத்துப்போய் வரும் அம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டாம் என்று வைத்துக்கொண்டிருந்தாள். ஆலோசகர் தன் கோப்பில் ‘ஆர்வம் இல்லை’ என்பதை அங்கேயே அடித்தார். அடித்த கோடு தாளைக் கிழித்துவிட்டது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பெண்ணே கேட்டாள், டைமக்கா எழுதிக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்து இருக்கை. மாற்றுத் துணி ஒரு பையில், பள்ளியின் முதலுதவி அறையில். நர்ஸ் வகுப்புக்கு வந்து வலிப்பு என்றால் என்ன என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும், ஆனால் அன்று பெண் வகுப்பில் இருக்க மாட்டாள். வலிப்பு வந்தால் டீச்சர் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அது முடிந்ததும் வீட்டுக்கு விரட்டக் கூடாது. சின்னவனுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு தடவை போதும். மற்ற நாளில் அக்காவே விளையாட்டில் செய்ய வேண்டியதை அவர் சொல்லிக்கொடுத்தார். நல அதிகாரி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் போன் செய்துவிட்டு. வாரத்துக்குப் பதினான்கு சந்திப்பு நான்காகக் குறைந்தது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வாரத்தில் ஒரு காலை யாரும் கதவைத் தட்டாமல் தூங்க வேண்டும் என்றாள். வியாழக்கிழமை என்று எழுதி, டைமக்கா அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் அப்பா வாயைத் திறந்தார். ஒரு வருஷமாக அவர் எல்லாருடைய தாளிலும் நோயாளி என்ற ஒரே சொல்லாக இருந்தார்.

“இதையெல்லாம் யார் ஞாபகம் வச்சுக்குவாங்க? இவ வேலைக்குப் போறா. நான் சும்மாதானே கெடக்குறேன். மருந்து நேரம், நீங்க வர்ற நாள், பள்ளிக்கூடத்துப் போன் எல்லாம் என்கிட்ட விடுங்க. சுவரு தூக்குக்குண்டுக்கு நேரா நிக்குதான்னு பாத்தவன் நான், இதைப் பாக்க முடியாதா?”

மறுநாள் டைமக்கா கொடுத்த அட்டவணைத் தாளை அவர் ஓரம் வைத்துவிட்டார். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு, தன் கையெழுத்தில் தானே எழுதினார். அதற்காக அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. மூன்று மாதமாகச் சொல்லியும் நிற்காதவர் இன்று கால் மணி நேரம் சுவரைப் பிடித்து நின்றார் என்று பிசியோதெரபிக்காரர் போனில் சொன்னபோது, டைமக்கா ஆபீஸ் என்றும் பார்க்காமல் மேசையில் தட்டினாள்.

பெண் அடுத்த மாதம் பள்ளிக்குப் போனாள். ஆறாவது வாரம் கணக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. டீச்சர் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பக்கத்து இருக்கைப் பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தைச் சத்தமாக எண்ணினாள். மற்றவர்கள் சொல்லிவைத்தபடி வெளியே போய் நின்றார்கள். பள்ளியிலிருந்து போன் அப்பாவுக்குப் போனது. அவர் பதறாமல் எத்தனை நிமிஷம் என்று கேட்டு, சுவரில் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் மனைவிக்குச் சொன்னார். பெண் மாற்றுத் துணி போட்டுக்கொண்டு முதலுதவி அறையில் தூங்கி எழுந்து, கடைசி வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். மறுநாள் காலை யாரும் எழுப்பாமலே கிளம்பிவிட்டாள்.

குடும்பம் அவளிடம் வந்த எட்டாவது மாதம், அடுத்த கூட்டமும் அந்த வீட்டிலேயே நடந்தது. அம்மா டைமக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கி, “இனி வரவேணாங்கக்கா. தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, இதைக் கேட்கத்தானே சம்பளம் வாங்குகிறேன் என்றாள் டைமக்கா. கீழே இறங்கியதும் மூன்றாவது மாடி ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதை அவள் மேலாளர் அம்மாவிடம் சொல்லவில்லை, கணவரிடம் மட்டும் சொன்னாள்.

இப்போது அவளிடம் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. முதல் கூட்டம் எப்போதும் குடும்பத்தின் வீட்டில்தான், கோப்புகள் தரையில்தான். புதிதாக வரும் அலுவலர்கள் முணுமுணுப்பார்கள். நல அதிகாரி அவர்களுக்குப் பாயில் எப்படி உட்காருவது என்று காட்டிக்கொடுப்பார். எல்லாக் குடும்பமும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. போன வருஷம் ஒரு வீடு இரவோடு இரவாகக் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்தக் கோப்பை டைமக்கா இன்னும் மூடாமல் வைத்திருக்கிறாள், ஒரு நாள் போன் வரும் என்று.

கொத்தனார் வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. பேசியது பெண். கணக்கில் வகுப்பிலேயே முதல் என்றாள், அப்பா கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றாள். ஏதாவது வேண்டுமா என்று டைமக்கா பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“ஒண்ணும் வேணாம்க்கா, சும்மாதான். இருங்க, தம்பி பேசணுமாம்” என்றாள் பெண்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு சின்னவன் தன் மரக் காரைப் பற்றி ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. பதினோரு மணிக்கு இன்னொரு வீட்டில் கூட்டம் இருந்தது. டைமக்கா அன்று பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள்.